மன்றாட்டில் வந்த பெயர்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துத் திருச்சபையின் ஞாயிறு வழிபாட்டில், ஆளும் அரசரின் பெயரைச் சொல்லி அவருக்காக வேண்டிக்கொள்ளும் மன்றாட்டு ஒன்று உண்டு. 1689-ஆம் ஆண்டில் அந்தப் பெயரை மாற்றிச் சொல்ல மனம் ஒப்பாமல் பதவியும் வருமானமும் இழந்த குருமாரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர்; அவர் ஆண்ட நாடோ புராட்டஸ்டண்ட் நாடு. அவருக்குப் பின் புராட்டஸ்டண்ட் மகள் மேரி பட்டத்துக்கு வருவார் என்று பலரும் பொறுத்திருந்தார்கள். 1688 ஜூன் 10 அன்று அரசிக்கு ஆண் குழந்தை பிறந்ததும் அந்தக் கணக்குப் பொய்த்தது. உடனே ஒரு வதந்தி கிளம்பியது. குளிர்காலத்தில் படுக்கையைச் சூடேற்ற, தணல் நிரப்பி மெத்தைக்குள் செலுத்தும் நீண்ட பிடி போட்ட மூடிச்சட்டி ஒன்று அக்கால வீடுகளில் இருந்தது. அதற்குள் யாருடைய குழந்தையையோ ஒளித்துவைத்து அரசியின் அறைக்குள் கொண்டுபோனார்கள் என்பதே அந்தக் கதை. ஜூன் மாதத்தில் அந்தச் சட்டி எதற்கு என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பேறுகாலத்தில் உடனிருந்தவர்களின் வாக்குமூலங்களை அரசர் திரட்டி அச்சிட்டும் பயனில்லை. நவம்பரில் மேரியின் கணவர் வில்லியம் படையுடன் வந்திறங்கினார். டிசம்பரில் ஜேம்ஸ் பிரான்சுக்குத் தப்பினார். அடுத்த ஆண்டில் வில்லியமும் மேரியும் அரியணை ஏறினார்கள்.

கேன்டர்பரி பேராயர் சான்கிராஃப்ட், ஜேம்ஸின் சமய ஆணையை எதிர்த்து மனுக் கொடுத்ததற்காக அதே ஆண்டில் லண்டன் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டவர். அவரே, ஜேம்ஸ் உயிரோடிருக்க இன்னொருவருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய முடியாதென்று மறுத்துப் பதவியிழந்தார். அவரைப் போலவே மறுத்த குருமார் ஏறத்தாழ 400 பேர். ஜேம்ஸ் என்னும் பெயருக்கு லத்தீனில் ஜேக்கபஸ், நம் விவிலியத்தில் யாக்கோபு. அதனால் அவர் பக்கம் நின்றவர்கள் ஜேக்கபைட்டுகள் எனப்பட்டார்கள். கேரளத்து யாக்கோபாய சபைக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை.

இவ்வியக்கத்தைக் கத்தோலிக்கர்களின் கிளர்ச்சி என்று சுருக்கிவிடுவது பிழை என்பது என் கருத்து. ஸ்காட்லாந்தில் அதற்கு உறுதுணையாக இருந்தவர்களில் பெரும்பகுதியினர், ஆயர்களை ஏற்கும் எப்பிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்த புராட்டஸ்டண்டுகள். ஜேம்ஸின் பேரன் சார்லஸ் அரியணையை மீட்க 1745-இல் திரட்டிய படை, 1746 ஏப்ரல் 16 அன்று ஸ்காட்லாந்தின் கலோடனில் ஒரு மணி நேரத்துக்குள் சிதறியது. அதன்பின், பிரமாணம் செய்யாத குரு தம் வீட்டாரைத் தவிர ஐந்து பேரைக் கூட்டி வழிபாடு நடத்தினாலே குற்றம் என்று சட்டம் வந்தது. ஸ்டோன்ஹேவன் சிறையில் அடைபட்ட குருமாரிடம் மீனவப் பெண்கள் கைக்குழந்தைகளைக் கூடையில் சுமந்து வந்து, சன்னல் கம்பிகளின் ஊடே திருமுழுக்குப் பெற்றுச் சென்றதாகச் சொல்வார்கள்.

சார்லஸ் 1788 ஜனவரியில் ரோமில் இறந்தார். எஞ்சிய வாரிசான அவர் தம்பி ஒரு கர்தினால், அதாவது மணம் செய்துகொள்ளாத கத்தோலிக்க உயர்குரு. அதற்குமேல் காத்திருப்பதில் பொருளில்லை என்று கண்ட எப்பிஸ்கோப்பல் ஆயர்கள், அவ்வாண்டு முதல் அப்போது ஆட்சியிலிருந்த ஜார்ஜ் மன்னரின் பெயரையே மன்றாட்டில் சொல்ல முடிவெடுத்தார்கள். முதன்முறையாக அந்தப் பெயர் ஒலித்தபோது, அது காதில் விழாதபடி ஆலயத்தில் பலர் இருமியும் மூக்கைச் சிந்தியும் ஓசை எழுப்பினார்களாம்.