சுவரைத் தொடாமல் 2.5 மடங்கு வேகம்! பழைய கம்ப்யூட்டருக்கு இந்த ஒரு கார்டு போதுமா?

(திரையில்: ஒரே கோப்பு மூன்று கம்ப்யூட்டர்களில் காப்பி ஆகிறது, மூன்றிலும் கடிகாரம் ஓடுகிறது)

வணக்கம் நண்பர்களே! 500 ஜிபி கல்யாண வீடியோ இருக்கிறது. எடிட்டிங் கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்து அறையில் இருக்கும் ஸ்டோரேஜ் கம்ப்யூட்டருக்கு அதை அனுப்ப வேண்டும். நெட்வொர்க் நொடிக்கு 100 மெகாபிட்டில் ஓடினால் சுமார் 12 மணி நேரம் ஆகும். 1 ஜிகாபிட்டில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரம். 2.5 ஜிகாபிட்டில் ஓடினால் அரை மணி நேரம். மூன்றுக்கும் சுவருக்குள் ஓடுவது அதே கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிள்தான்! உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நெட்வொர்க் கார்டில்தான் வித்தியாசம் இருக்கிறது.

அந்தக் கார்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதையெல்லாம் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்று. இந்தக் கார்டு உங்கள் இன்டர்நெட் வேகத்தைக் கூட்டாது. மாதம் 200 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்றால், 10 ஜிகாபிட் கார்டு போட்டாலும் 200 தான் வரும். வீட்டுக்குள், ஸ்டுடியோவுக்குள், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாதைதான் வேகமாகும். வீடியோ எடிட் செய்பவர்கள், நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த ஸ்டோரேஜ் பெட்டி) வைத்திருப்பவர்கள், தினமும் பேக்கப் எடுப்பவர்கள் தொடர்ந்து பாருங்கள். யூடியூப் மட்டும் பார்க்கிற கம்ப்யூட்டர் என்றால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும். அந்தக் காசுக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள், பலன் உடனே தெரியும்.

சரி, வரலாற்றை வேகமாக முடித்துவிடலாம். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பாப் மெட்கால்ஃப் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட் யோசனையை எழுதி வைத்தார். முதல் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். நாம் இன்று பயன்படுத்துகிற முறுக்கிய செப்புக் கேபிளுக்கு 1990-இல் 10 மெகாபிட் தரநிலை வந்தது. 1995-இல் 100, 1999-இல் 1000, 2006-இல் 10,000. ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு.

அப்புறம் 2016-இல் என்ன வந்தது? 2.5 ஜிகாபிட், 5 ஜிகாபிட்! பத்து வந்து பத்து வருடம் கழித்து இரண்டரை. ஏன் பின்னால் வந்தார்கள்? இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

(திரையில்: வெட்டிய கேபிள், உள்ளே நான்கு ஜோடி வயர்கள்)

10 ஜிகாபிட் செப்பு வயர் கார்டுகள் விலை அதிகம், சூடும் அதிகம். அதோடு 100 மீட்டர் ஓட வேண்டுமென்றால் கேட் 6ஏ கேபிள் வேண்டும். உலகம் முழுக்க அலுவலகச் சுவர்களுக்குள் ஏற்கெனவே கேட் 5இ கேபிள் புதைந்து கிடந்தது. அந்த நேரத்தில்தான் வைஃபை 1 ஜிகாபிட்டைத் தாண்டியது. கூரையில் தொங்குகிற வைஃபை பெட்டியால் வேகமாகப் பேச முடிகிறது, அதற்குப் பின்னால் வருகிற வயரால் முடியவில்லை. ஒரு வயருக்காகக் கட்டடம் முழுக்கச் சுவரை உடைக்க எந்த முதலாளி சம்மதிப்பார்?

பொறியாளர்கள் செய்த வேலையைப் பாருங்கள். கேபிளுக்குள் நான்கு ஜோடி வயர்கள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 1 ஜிகாபிட்டில் ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடி துடிப்புகள் போகும். ஒரு துடிப்பு 2 பிட் சுமக்கும். நான்கு ஜோடி. பெருக்கிப் பாருங்கள், சரியாக 100 கோடி பிட், அதாவது 1 ஜிகாபிட்.

10 ஜிகாபிட்டில் துடிப்புகள் 80 கோடி. பழைய கேபிளால் 100 மீட்டர் தூரத்துக்கு அதைத் தாங்க முடியாது. அதனால் 10 ஜிகாபிட்டின் அதே நுட்பத்தை எடுத்து, துடிப்பை மட்டும் நான்கில் ஒன்றாகக் குறைத்தார்கள். 20 கோடி. அதற்கு வேண்டிய அலைவரிசை 100 மெகாஹெர்ட்ஸ். கேட் 5இ கேபிளுக்கு வகுத்திருக்கும் வரம்பு எவ்வளவு தெரியுமா? அதே 100 மெகாஹெர்ட்ஸ்! பத்தை நான்கால் வகுத்தால் இரண்டரை. 2.5 என்ற அந்த விசித்திரமான எண் இப்படித்தான் வந்தது.

இப்போது இன்னொரு முறை எண்களைப் பாருங்கள். துடிப்பு 12.5 கோடியிலிருந்து 20 கோடிக்குத்தான் கூடியிருக்கிறது. இரண்டு மடங்குகூட இல்லை. வேகம் மட்டும் இரண்டரை மடங்கு. மீதி எங்கிருந்து வந்தது? 1 ஜிகாபிட்டில் ஒவ்வொரு துடிப்பும் 5 வோல்டேஜ் நிலைகளில் ஏதாவது ஒன்றாக இருக்கும். 2.5-இல் 16 நிலைகள். நிலைகள் அதிகமாக அதிகமாக ஒரு துடிப்பில் அதிக பிட் ஏற்றலாம். ஆனால் நிலைகளுக்கு நடுவே இடைவெளி குறையும், சின்ன இரைச்சல் வந்தாலும் எது எது என்று குழம்பும். அதைச் சமாளிக்க ஒரு பிழைதிருத்தக் குறியீடு வைத்திருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ராபர்ட் கேலகர் கண்டுபிடித்த கணக்கு அது. அன்றைய கம்ப்யூட்டர்களால் அதைச் செய்து முடிக்க முடியாததால் பல பத்தாண்டுகள் யாரும் தொடாமல் கிடந்தது. இன்று உங்கள் மேஜைக்கு அடியில், நகம் அளவு சிப்பில், நொடிக்கு நொடி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும்!

இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. கூடத்தின் இரு முனைகளில் நிற்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசுகிறார்கள், இருவருக்கும் அடுத்தவர் சொன்னது முழுக்கக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி முடியும்? தான் என்ன பேசினோம் என்பது அவரவருக்குத் தெரியும். காதில் விழுந்த மொத்தச் சத்தத்திலிருந்து தன் குரலையும் அதன் எதிரொலியையும் கழித்துவிட்டால் மிச்சம் அடுத்தவர் குரல். கார்டுக்குள் இருக்கும் சிப் இதைத்தான் செய்கிறது, நொடிக்கு 20 கோடி முறை, நான்கு ஜோடியிலும். இது உங்களுக்குப் பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள், இந்த மாதிரி உள்ளே புகுந்து பார்க்கிற வீடியோக்கள் இன்னும் செய்யலாம்.

சரி, கேபிள்.

(திரையில்: ஆர்ஜே45 பிளக், மிக நெருக்கத்தில்)

உங்கள் கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளக் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக். உள்ளே எட்டு வயர்கள் வரிசையாக இருக்க வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. எட்டின் நுனியும் பிளக்கின் முன்சுவரைத் தொட வேண்டும். ஒரு வயர் கொஞ்சம் பின்தங்கி நின்றாலும் அதுதான் உங்கள் பிரச்சினை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலமும் பழுப்பும் அறுந்திருந்தாலும், பிளக்கை வயரில் அழுத்திப் பொருத்தியவர், அதாவது கிரிம்ப் செய்தவர், அந்த நான்கு வயர்களை வெட்டியே விட்டிருந்தாலும், இன்டர்நெட் வரும். எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். 1 ஜிகாபிட்டுக்கும் அதற்கு மேலும் நான்கு ஜோடியும் கட்டாயம். அதனால் கார்டு வாங்குவதற்கு முன் இப்போதே விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புக்குப் போய் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 100 என்று காட்டினால், போர்ட் ஜிகாபிட் போர்ட்தானா என்று பார்த்துவிட்டு, இரண்டு பிளக்கையும் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். பத்து ரூபாய் பிளக்கில் பத்து மடங்கு வேகம் கிடைத்துவிடலாம், கார்டே தேவைப்படாமல் போகலாம்.

கேபிள் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் முழுச் செப்பு கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய கேபிள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். மடக்கினால் சீக்கிரம் முறியும், தடையும் அதிகம். மேலே கேட் 7, கேட் 8 என்று தங்க எழுத்தில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். நல்ல கேட் 6 போதும். 55 மீட்டருக்குள் நல்ல சூழ்நிலையில் அது 10 ஜிகாபிட்டையே தாங்கும்.

இப்போது கார்டு. 2.5 ஜிகாபிட்டுக்கு ரியல்டெக் ஆர்டிஎல்8125 சிப் உள்ள கார்டு வாங்குங்கள். விலை குறைவு, எளிதாகக் கிடைக்கும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இன்டெல் வேண்டுமென்றால் ஐ226 எடுங்கள். ஐ225 சிப்பின் ஆரம்பப் பதிப்பில் வடிவமைப்புக் கோளாறு இருந்தது. பின்னர் திருத்திய பதிப்புகள் வந்தன, ஆனால் பழைய சரக்கில் எந்தப் பதிப்பு என்று பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சென்னை ரிட்சி தெரு மாதிரி இடங்களிலும் ஆன்லைனிலும் சர்வரிலிருந்து கழற்றிய பழைய 10 ஜிகாபிட் கார்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஆசையாகத்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல் எக்ஸ்540 கார்டுக்கு 10 தெரியும், 1 தெரியும், 2.5 தெரியவே தெரியாது! அது வந்த காலத்தில் 2.5 தரநிலையே பிறக்கவில்லை. புது 2.5 சுவிட்சில், அதாவது பல கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டியில், செருகினால் நேராக 1 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிடும். பத்து ஜிகாபிட் கார்டு, இரண்டரை ஜிகாபிட் சுவிட்ச், கிடைப்பது ஒன்று. அதோடு சர்வரின் பெரிய மின்விசிறிக் காற்றை நம்பிச் செய்த கார்டு அது, வீட்டுக் கேபினெட்டில் ஹீட்சிங்க் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். 10 ஜிகாபிட்தான் வேண்டும், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே அறையில்தான் இருக்கின்றன என்றால், எஸ்எஃப்பி பிளஸ் என்ற வேறு வகை போர்ட் உள்ள இரண்டு கார்டுகளும், முனைகளோடு சேர்த்தே வருகிற குட்டைச் செப்புக் கேபிளும் வாங்கி நேரடியாக இணையுங்கள். சுவிட்சே வேண்டாம், சூடும் குறைவு. இரண்டு பக்கமும் ஐபி முகவரியைக் கையால் கொடுத்தால் போதும்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு 2.5 தான் சரி. காரணம் டிஸ்க். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். கொஞ்சம் கழிவும் போக, 2.5 ஜிகாபிட் என்றால் நொடிக்குச் சுமார் 280 மெகாபைட் வரும். ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க் தன் வெளி விளிம்பில் 200, 250 வரை எழுதும், உள்ளே போகப் போக அதுவும் குறையும். அப்படியென்றால் 2.5-ஐ நிரப்பவே ஒற்றை ஹார்ட் டிஸ்க் திணறும். நான் முதலில் சொன்ன அரை மணி நேரக் கணக்கும் இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி இருந்தால்தான். இரண்டு பக்கமும் என்விஎம்இ (மிக வேகமான எஸ்எஸ்டி வகை) இருக்கிறது, தினமும் நூற்றுக்கணக்கான ஜிபி ஓடுகிறது என்றால் மட்டும் 10-க்குப் போங்கள்.

ஸ்லாட் பற்றிப் பலர் கமெண்டில் கேட்கிறீர்கள். 2.5 கார்டுக்கு மதர்போர்டில் இருக்கும் குட்டி பிசிஐஇ எக்ஸ்1 ஸ்லாட் போதும், அது இரண்டாம் தலைமுறையாக இருந்தால். பயன்படக்கூடிய வேகம் 4 ஜிகாபிட். பழைய எச்61 சிப்செட் மதர்போர்டிலும் இது உண்டு. முதல் தலைமுறை ஸ்லாட்டில் 2 ஜிகாபிட் தான், அங்கே கார்டுக்கு மூச்சு முட்டும். 10 ஜிகாபிட் கார்டுகளில் வருகிற நீளமான எக்ஸ்8 கார்டு வாங்கினால் காலியாக இருக்கும் பெரிய எக்ஸ்16 ஸ்லாட்டில் போடலாம்.

பொருத்துவது சுலபம். பவர் கேபிளைப் பிடுங்குங்கள், கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொடுங்கள், பின்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள், கார்டை நேராக அழுத்துங்கள், ஸ்குரூ போடுங்கள். டிரைவர் இல்லையென்றால் பதற வேண்டாம், மதர்போர்டின் பழைய போர்ட்டில் கேபிளைச் செருகி டவுன்லோட் செய்யலாம்.

போட்டாயிற்று, இன்னும் 1 ஜிகாபிட் என்றே காட்டுகிறதா? அடுத்த முனையைப் பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் பெரும்பாலும் 1 ஜிகாபிட் போர்ட்கள்தான் இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு 2.5 சுவிட்சில் செருகி, சுவிட்சிலிருந்து ரவுட்டருக்கு ஒரு கேபிள் கொடுங்கள்.

(திரையில்: ஐபெர்ஃப்3 கட்டளைகள், முதலில் ஒரு கம்ப்யூட்டர், பிறகு மற்றது)

கடைசியாகச் சோதனை. கோப்பு காப்பி செய்து சோதிக்காதீர்கள், அதில் டிஸ்க்கின் வேகமும் கலந்துவிடும். ஐபெர்ஃப்3 என்ற சோதனை மென்பொருள் இலவசம், அது டிஸ்க்கைத் தொடாமல் வயரை மட்டும் அளக்கும். 2.5 கார்டில் 2.35 என்று காட்டும். குறைகிறதே என்று யாரும் கடையில் சண்டை போட வேண்டாம்! ஒவ்வொரு பொட்டலமும் வயரில் 1538 பைட் இடம் எடுக்கும், அதில் உங்கள் சரக்கு 1448 பைட். மீதி முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி. 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.94. அதனால்தான் 1 ஜிகாபிட்டில் பலருக்கும் 941 மெகாபிட் என்ற எண் வருகிறது.

2.35 வந்தும் காப்பி மெதுவாக இருந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். 2.35-க்கு வெகு கீழே வந்தால் கேபிளையும் ஸ்லாட்டையும் பாருங்கள். உங்களுக்கு வந்த எண், கார்டின் சிப் பெயர், கேபிள் உறையின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து, இந்த மூன்றையும் கமெண்டில் போடுங்கள். எங்கே அடைபடுகிறது என்று சேர்ந்து கண்டுபிடிக்கலாம்.