மைக்கை அண்ணன்கிட்ட குடும்மா

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, கல்மண்டபம் பக்கம் நாற்காலி கிடைக்காமல் பைக் மேலேயே உட்கார்ந்து கேட்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"பெண் வர்ணனையாளர்களை ரசிகர்கள் எடைபோடுவது ஆட்ட அறிவை வைத்தா, ஆள் யார் என்பதை வைத்தா?" ஆள் யார் என்பதை வைத்துத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கைத்தட்டல் நிறைய வாங்கினார். அவர் சொன்னதில் சாரம் இரண்டுதான். பெரிய ஆட்டம் ஆடாதவர் பேசினால் ரசிகன் எப்படி நம்புவான் என்பது ஒன்று. பெண் குரல் கீச்சென்று இருக்கிறது, காது வலிக்கிறது என்பது இன்னொன்று.

சரி, ஆடிய கணக்கையே எடுப்போம். நம் தாத்தாக்கள் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு சேப்பாக்கம் டெஸ்ட்டைக் கேட்டது யார் குரலில்? அப்துல் ஜப்பார், கூத்தபிரான் குரலில். ஜப்பார் நாடகத்திலிருந்து வந்தவர். கூத்தபிரான் வானொலியில் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியவர். இருவரும் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆடியதில்லை. ஆனாலும் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுவதை நம் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தார்கள். ஆங்கில வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே? படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங், அப்புறம் அகமதாபாத் ஐஐஎம். "நீ எத்தனை மேட்ச் ஆடினே?" என்று அவரை நாம் வாசலில் நிறுத்திக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம், நன்றாகப் பேசுகிறார், போதும்.

இப்போது அஞ்சும் சோப்ராவைப் பாருங்கள். 12 டெஸ்ட், 127 ஒருநாள் ஆட்டம், இந்திய அணியின் கேப்டன். மித்தாலி ராஜ் 232 ஒருநாள் ஆட்டத்தில் 7805 ரன். இவர்கள் மைக்கைத் தொட்டால், "இந்தம்மா என்னா ஆடியிருக்கு?" என்கிறான் ரசிகன். கணக்கை எடுத்துக் காட்டினால், "அது லேடீஸ் கிரிக்கெட்டுப்பா" என்கிறான். காசிமேட்டில் ஆளுக்கு ஒரு எடைக்கல் வைத்து மீன் நிறுத்தால் தராசையே பிடுங்கி எறிவோமே அண்ணே! இங்கே மட்டும் எப்படிச் சரியாகும்?

1977இல் இந்தூரில் இங்கிலாந்தின் எம்.சி.சி அணி ஆடிய கிரிக்கெட் ஆட்டத்துக்கு வர்ணனை செய்தார் சந்திரா நாயுடு. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே.நாயுடுவின் மகள், கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. ஐபிஎல் வர்ணனைப் பெட்டிக்குள் பெண்கள் நுழைந்தது 2015இல். நடுவே 38 வருஷம். பெண் குரல் பழகவில்லை என்று சொல்லும் காதுக்கு, பழகிக்கொள்ள யார் எப்போது வாய்ப்புக் கொடுத்தார்கள்?

குரலுக்கு வருகிறேன். விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேடு போயிருக்கிறீர்களா? கூடையைச் சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள். படகு இன்ஜின் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம். அத்தனையையும் தாண்டி ஓர் அக்கா வஞ்சிரத்துக்கு விலை கூறுவார் பாருங்கள். அந்தக் குரலைக் கீச்சுக்குரல் என்று அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கட்டும் அண்ணன், வேட்டி மிஞ்சினால் திரும்பி வரட்டும். (வேட்டி விஷயம் நகைச்சுவைதான், நடுவர் ஐயா மணியில் கை வைக்க வேண்டாம்.)

என் கதை ஒன்று. போன வருஷம் வியாசர்பாடியில் ஒரு கால்பந்து போட்டி. மைக் பிடிக்க ஆள் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தவள் என்பதால் நான் பிடித்தேன். முதல் பாதி முழுக்க யார் பாஸ் கொடுத்தான், எந்தப் பக்கம் ஆள் இல்லாமல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இடைவேளையில் ஒரு பெரியவர் டீ கிளாஸோடு வந்தார். "நல்லாத்தான் பேசுறேம்மா, ஆனா கீச்சுனு கேக்குது, மைக்கை அண்ணன்கிட்ட குடு." கொடுத்தேன். அண்ணன் பேசினார். அவர் குரலும் கீச்சென்றுதான் கேட்டது! கம்பத்தில் கட்டியிருந்தது கூம்பு ஸ்பீக்கர். அதில் அடித்தொண்டைச் சத்தம் எங்கே வரும்? யார் பேசினாலும் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரிதான் இருக்கும். இரண்டாவது பாதியில் கோல் போட்டவன் பெயரையே அண்ணன் மாற்றிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அவ்வளவுதான். முதல் பாதியில் நான் ஒரு கார்னரை கோல் கிக் என்று சொன்னபோது மட்டும், "பொம்பளைங்களுக்கு ஃபுட்பால் புரியாது" என்று ஒரு குரல் வந்தது. அவர் தப்பு அவரோடு போனது. என் தப்பு எங்க அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பாட்டி வரைக்கும் போனது.

ஆண்களையும்தான் திட்டுகிறார்கள் என்று எதிரணி அடுத்த சுற்றில் சொல்லும். உண்மைதான், திட்டுகிறார்கள். தப்புச் செய்தால் பெண்ணையும் திட்டட்டும். 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் பும்ராவைப் பாராட்டப் போய், இங்கிலாந்தின் முன்னாள் வீராங்கனையும் வர்ணனையாளருமான இசா குஹா ஒரு தவறான சொல்லைப் போட்டார். சொல்லக் கூடாத சொல். திட்டு விழுந்தது நியாயம். மறுநாள் நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டார். அதைக் கண்டிப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. "அந்த வார்த்தை தப்பு" என்று சொல்லுங்கள். "பொம்பளையைக் கூப்பிட்டா இப்படித்தான்" என்று சொல்லும்போதுதான் எடைக்கல் மாறுகிறது.

இன்னொரு வேடிக்கை. நம்ம வடசென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கினார். வடசென்னையே தலையில் தூக்கி ஆடியது. பெண் ஜெயித்தால் நம்ம பொண்ணு. அதே பெண் உட்கார்ந்து, "இந்த ஸ்ட்ரைக்கை இப்படி அடித்திருக்கலாம்" என்று நமக்குச் சொல்ல ஆரம்பித்தால் மூஞ்சி சுருங்குகிறது. ஆடலாம், விளக்கக் கூடாது. ஏன் அண்ணே?

நடுவர் மணி அடித்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே மைதானத்தில் அரையிறுதி. இந்தத் தடவை மைக்கை யாரிடமும் கொடுப்பதாக இல்லை. எதிரணி அண்ணன் கட்டாயம் வர வேண்டும். நான் கார்னரைத் தப்பாகச் சொன்னால் அங்கேயே கையைத் தூக்கட்டும், திருத்திக்கொள்கிறேன். வணக்கம்.