பனிக்காலத்துல ஃபீடர் யாருக்காக?

எல்லாருக்கும் வணக்கம். ரோட்டுல இவ்வளவு பனி கிடக்கும்போதும் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம், அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இங்க நியூயார்க் மாநிலத்துல சிரக்யூஸ் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி குருவிங்களுக்குத் தீனி வைக்கிற ஃபீடர் மாட்டியிருக்கிற நம்மாளுங்கள கேட்டா, "பாவம்ங்க, இந்தக் குளிர்ல அதுங்க எங்க போய் தின்னும், நாமதான போடணும்"னு சொல்வாங்க. நல்ல மனசுதான். ஆனா அந்தக் குருவிங்க நம்மள நம்பி இல்லங்க.

விஸ்கான்சின்ல மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள்னு ரெண்டு பேர் 1980கள்ல இதத்தான் ஆராய்ச்சி பண்ணாங்க. ஃபீடர் இருக்கிற இடத்துல சிக்கடிங்கற குட்டிக் குருவிங்க 69 சதவீதம் பனிக்காலத்த தாண்டுச்சு, ஃபீடரே இல்லாத இடத்துல 37 சதவீதம். இத மட்டும் கேட்டா நாமதான் காப்பாத்துறோம்னு தோணும். ஆனா அந்த வித்தியாசம் முக்கியமா வந்தது ரொம்பக் கடுமையான குளிர் அடிச்ச மாசங்கள்ல, மத்த நேரத்துல பெருசா ஒண்ணும் இல்ல, ஃபீடருக்கு வர்ற குருவிகூட தனக்கு வேண்டியதுல அஞ்சுல ஒரு பங்குதான் அங்க எடுக்குது, மீதிய மரப்பட்டைய கொத்திக் கொத்தி அதுவே தேடிக்குது. அப்புறம் 25 வருஷமா தீனி வச்சிட்டிருந்த ஒரு இடத்துல ஃபீடர எடுத்துட்டுப் பாத்தாங்க, அங்க இருந்த குருவிங்களும் தீனியே பாக்காத குருவிங்க மாதிரியே பொழச்சுக்கிச்சு.

அப்ப கடுங்குளிர்ல மட்டும் என்ன நடக்குது? ரெண்டு குவார்ட்டர் காச, அதாவது 25 சென்ட் காச, உள்ளங்கையில வச்சுப் பாருங்க, ஒரு சிக்கடி அவ்வளவுதான் வெயிட், ஏறக்குறைய 11 கிராம். பகல்ல அதோட உடம்பு சூடு 42 டிகிரி செல்சியஸ், ராத்திரி ஆனா அதுவே பத்து டிகிரிக்கு மேல சூட்ட இறக்கிக்கிட்டு, பகல்ல சேத்த கொழுப்ப நடுங்கி நடுங்கி எரிச்சு விடிய வைக்குது. விடியும்போது கையிருப்பு காலி, உடனே தின்னாகணும். அதனாலதான் சொல்றேன், பெருங்குளிர் வரப்போகுதுன்னு தெரிஞ்சா முந்தின நாள் சாயங்காலமே ஃபீடர நிரப்பி வச்சிடுங்க, காலையில எட்டு மணிக்கு காபிய முடிச்சிட்டு போடலாம்னு இருக்காதீங்க.

அது தின்னுற விதத்த ஒருநாள் நின்னு பாருங்க. வரும், ஒரு சூரியகாந்தி விதைய எடுக்கும், பிடிக்கலன்னா கீழ போட்டுட்டு இன்னொண்ணு எடுக்கும், அங்க உக்காந்து தின்னாது, பக்கத்துக் கிளைக்குப் போய் ரெண்டு காலுக்கும் நடுவுல விதைய அமுக்கிப் பிடிச்சு அலகால டக்டக்குனு அடிச்சு ஓட்ட உடைக்கும். சிலத தின்னாம பட்டை இடுக்குல ஒளிச்சு வச்சிட்டு, எங்க வச்சோம்னு ஞாபகமா திரும்பி வந்து எடுக்கும்.

தீனிக்கு கருப்பு சூரியகாந்தி விதை போதும், ஓடு மெல்லிசு. கோல்டுஃபின்ச்ங்கற குருவிக்குப் போடுற நைஜர் விதை வேற ஒண்ணும் இல்ல, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மானாவாரியா போடுற நம்ம பேயெள்ளுதான், எத்தியோப்பியாவுலேருந்தும் இந்தியாவுலேருந்தும்தான் இங்க வருது, கூட வர்ற களை விதை முளைச்சிடக்கூடாதுன்னு சூடுபடுத்திதான் விக்கிறாங்க. மரங்கொத்திக்கு மாட்டுக்கொழுப்பு வைக்க மனசு வராதவங்க உப்பில்லாத வேர்க்கடலை வைங்க. அணில் தொல்லைக்கு மிளகாய்த்தூள் கலந்த விதை இருக்கு, பறவைக்குக் காரம் தெரியாது, அணிலுக்குத் தெரியும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஹவுஸ் ஃபின்ச்னு தலையும் நெஞ்சும் சிவப்பா ஒரு குருவி வருதில்ல, அது மேற்குப் பக்கத்துக் குருவி, 1940ல நியூயார்க்ல கூண்டுல வச்சு வித்துட்டிருந்தத லாங் ஐலண்டுல திறந்து விட்டு, அதுலேருந்துதான் கிழக்கு முழுக்க பரவுச்சு. 1994 பனிக்காலத்துல தலைநகர் வாஷிங்டன் டி.சி. பக்கம் ஃபீடர பாத்துட்டிருந்த சாதாரண ஜனங்க, கண்ணு வீங்கி, சீழ் ஒட்டி, பக்கத்துல போனாகூட பறக்காம ஃபீடர்லயே உக்காந்திருந்த ஃபின்ச்ச பாத்தாங்க. கோழிக்கு வர்ற ஒரு பாக்டீரியா இதுக்கு வந்திருந்துச்சு. அந்த நோய் ஊர் ஊரா நகர்ந்தத வருஷக்கணக்கா எழுதி அனுப்பினதும் ஃபீடர் வச்ச ஜனங்கதான். ஆனா அந்த நோய் பரவ வழி குடுத்ததுல அதே ஃபீடருக்கும் பங்கு இருக்கு, ஒண்ணு கண்ண தேச்ச ஃபீடர் ஓட்டையில இன்னொண்ணு தலைய விடுது. இத நெனச்சா எனக்கு மனசு கனக்குதுங்க. நாம பாக்கணும்னு ஆசப்பட்டுத்தான் அதுங்கள ஒரே இடத்துல கூட்டுறோம், அப்ப சுத்தமா வச்சிக்கிறது நம்ம பொறுப்பு இல்லையா?

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கழட்டுங்க, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி, நல்லா அலசி, ஈரம் போகக் காயவச்சு அப்புறம் நிரப்புங்க, கீழ கொட்டின விதை ஓடுகளையும் கூட்டி அள்ளுங்க. கண்ணு வீங்கின குருவி ஒண்ணு வந்தாகூட ஃபீடர கொஞ்ச வாரம் எடுத்து உள்ள வைங்க, அதுங்க பட்டினி கிடக்காது, அதத்தான் முதல்லயே சொன்னேன். கண்ணாடி ஜன்னலையும் பாத்துக்கோங்க, ஃபீடர் ஜன்னல்லேருந்து மூணு அடிக்குள்ள இருக்கணும், இல்லன்னா முப்பது அடி தள்ளி. நடுவுல வச்சா வேகமா வந்து மோதி சாகுது.

அப்புறம் வர்ற குருவிங்கள எண்ணுங்க. ஃபீடருக்கு வர்ற பறவைய ஜனங்களே எண்ணி எழுதி அனுப்புற ஃபீடர்வாட்ச் 1976ல ஒன்டாரியோவுல சின்னதா ஆரம்பிச்சு, 1987லேருந்து வட அமெரிக்கா முழுக்க நடக்குது, நம்மளுக்கு பக்கத்துல இத்தாக்காவுல இருக்கிற கார்னெல் பறவை ஆய்வகமும் கனடாக்காரங்களும் சேந்து நடத்துறாங்க. நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும். முதல்ல அஞ்சு சிக்கடி, அப்புறம் மூணு வந்தா எட்டுன்னு போடக்கூடாது, வந்ததே திரும்பி வந்திருக்கலாம், ஒரே நேரத்துல அதிகமா பாத்தது அஞ்சு, அதத்தான் எழுதணும். பிப்ரவரியில நாலு நாள் எல்லாருக்குமே தனியா இன்னொரு கணக்கெடுப்பு இருக்கு, பசங்களும் சேரலாம், 15 நிமிஷம் உக்காந்தா போதும்.

ஒண்ணுமே வரலன்னா எழுதணுமான்னு கேப்பீங்க. கண்டிப்பா எழுதணும். 2019ல வந்த ஆய்வுப்படி 1970லேருந்து அமெரிக்கா, கனடாவுல கிட்டத்தட்ட 300 கோடி பறவைங்க குறைஞ்சிருக்கு, பனி விழுந்தா தரையில பொறுக்க வருமே அந்த சாம்பல் கலர் ஜங்கோ, அது மட்டும் 16 கோடிக்கு மேல. உங்க தோட்டத்துக்கு இந்த வருஷம் ஜங்கோ வரலன்னா, பூஜ்யம்னு போட்டு அனுப்புங்க.