தண்ணீர்க் கணக்கை விட்டுவிடாதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு, மயிலாப்பூரில் இந்த மாடி அறைக்கு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் கையில் பகடைப் பை. மனசு நிறைகிறது.

டார்க் சன் பற்றியும், அதற்கு மறுபடி உயிர் கொடுப்பது பற்றியும்தான் பேச வந்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிச் சேர்ந்து கதை வளர்க்கும் ஆட்டம்; அதை ஆடுகிறவர்களுக்காக டிஎஸ்ஆர் நிறுவனம் 1991இல் புத்தகமும் வரைபடமும் அடங்கிய பெட்டியாகக் கொண்டுவந்த கற்பனை உலகம் அது. இரும்பு அரிது, எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் ஆயுதம் செய்வார்கள். காசு சுட்ட மண். பேராசையோடு மந்திரம் போடுகிறவனைச் சுற்றிச் செடிகொடி சாம்பலாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் கிடையாது.

2019 கோடையில், செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்த நாட்களில், எங்கள் வீட்டில் இதை ஆடினோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். ஒரு நண்பர், தன் பாத்திரத்தின் விவரம் எழுதும் கேரக்டர் ஷீட்டில், தண்ணீர்க் கணக்கைப் பென்சிலால் எழுதி எழுதி அழித்ததில், அந்த இடத்தில் தாளே ஓட்டை விழுந்துவிட்டது. நடுவில் லாரி ஹாரன் கேட்டது. பகடையை அப்படியே போட்டுவிட்டுக் குடத்தோடு இறங்கினோம். திரும்பி வந்து உட்கார்ந்ததும், கதையில் பாலைவனத்தில் விழுந்து கிடக்கும் அந்நியனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று அரை மணி நேரம் வாதம். அன்றைக்குக் கதையில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. நான் நடத்தியதிலேயே சிறந்த ஆட்டம் அதுதான்.

இந்த உலகத்துக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும் என்கிறோம். சரி, எதை வைத்துக்கொள்வது? புது வரைபடம், புது ஓவியம் வரட்டும். என் பயம் வேறு. கதையை நாமே முடித்துவிடக் கூடாது. தொண்ணூறுகளில் வந்த டார்க் சன் நாவல்களில், நகரங்களை ஆளும் சர்வாதிகார மந்திர அரசர்கள் சிலர் செத்துப்போனார்கள். 1995இல் வந்த திருத்திய பெட்டியும் அதையெல்லாம் நடந்து முடிந்ததாக ஏற்றுக்கொண்டது. அப்புறம் ஆடுகிறவருக்கு என்ன மிச்சம்? 2010இல் ஆட்டத்தின் நான்காம் பதிப்புக்காக எழுதியவர்கள் காலத்தைப் பின்னால் இழுத்தார்கள்: டீர் நகரத்து அரசன் காலக் மட்டும் அப்போதுதான் இறந்திருக்கிறான். மற்ற நகரங்களில் கொடுங்கோலர்கள் அப்படியே இருக்கிறார்கள். அதுதான் சரியான இடம் என்று உறுதியாக நம்புகிறேன். இதே ஆட்டத்தின் இன்னொரு உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸுக்கு 2008இல் நேர் எதிராகச் செய்தார்கள்; கதைக் காலத்தை ஏறக்குறைய நூறு வருடம் முன்னால் தள்ளினார்கள். இருபது வருடமாக அந்த உலகத்தில் ஆடியவர்களுக்குத் தெரிந்த முகங்கள் பல ஒரே நாளில் இல்லாமல் போயின.

ஒன்றை மட்டும் பழையபடி வைக்க முடியாது. டார்க் சன் பெட்டியில் அடிமை வணிகம் சர்வ சாதாரணமாக வரும். ஆட உட்காருமுன் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுங்கள். பழைய ரசிகர்கள் இதற்குக் கோபப்பட வேண்டியதில்லை. அந்த உலகத்தைத் தாங்கி நிற்பது தாகம்தான்.

அடுத்த ஞாயிறு இதே அறையில், தமிழிலேயே தொடங்குகிறோம். காலக் செத்து சில நாள்தான் ஆகிறது. நீங்கள் டீர் நகர வாசலுக்கு வெளியே நிற்கிறீர்கள், தோல்பையில் ஒரு நாள் தண்ணீர். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு வாருங்கள்.