திரும்பி வரும் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

நூலகத்தில் புத்தகம் எடுப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அலமாரியில் தேடி எடுக்கிறோம், கவுண்டரில் நீட்டுகிறோம், பின்பக்கம் ஒட்டிய தேதித்தாளில் முத்திரை விழுகிறது, வீட்டுக்கு எடுத்து வருகிறோம். இன்று நான் பேசப்போவது அதே புத்தகம் திரும்பி வருகிற நேரத்தைப் பற்றி. நூல் வழங்கும் மென்பொருளை எழுதுகிறவர்களும் சரி, அதை வைத்து நூலகம் நடத்துகிறவர்களும் சரி, புத்தகம் கொடுக்கிற வேலைக்குத்தான் அதிகக் கவனம் தருகிறார்கள். ஆனால் தகராறு வருவதெல்லாம் திரும்ப வாங்குகிற இடத்தில்தான்.

பழைய டிக்கெட் முறை நினைவிருக்கிறதா? உங்கள் பெயர் எழுதிய சின்ன அட்டைப் பை ஒன்று, அதுதான் டிக்கெட். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சீட்டு செருகியிருக்கும். நீங்கள் புத்தகம் எடுக்கும்போது அந்தச் சீட்டை உருவி உங்கள் டிக்கெட்டுக்குள் போட்டு, மரத்தட்டில் தவணைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பார்கள். திருப்பித் தரும்போது தேதித்தாளைப் பார்த்து, அந்தத் தேதிக் கட்டில் சேர்க்கை எண்ணை, அதாவது நூலகம் அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த எண்ணைத் தேடி, சீட்டைப் புத்தகத்துக்குள் போட்டுவிட்டு, டிக்கெட்டை உங்கள் கையில் தருவார்கள். டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் புத்தகம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். தனியாக ரசீது எதுவும் வேண்டியதில்லை.

கணினி வந்தது, டிக்கெட் போனது. அதோடு அந்த ரசீதும் போனது. இப்போது புத்தகத்தை மேசையில் வைக்கிறோம், "வெச்சுட்டுப் போங்க சார், பாத்துக்கறேன்" என்கிறார்கள், வந்துவிடுகிறோம். பத்து நாள் கழித்து, தவணை கடந்துவிட்டது என்று கைபேசியில் செய்தி வருகிறது. புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது, கணக்கில் மட்டும் உங்களிடம் இருக்கிறது. ஆகவே நூலகர்களுக்கு நான் முதலில் சொல்வது: திரும்ப வாங்கியதும் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுங்கள், அல்லது மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போகும்படி அமையுங்கள். எல்லா நல்ல மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. பல நூலகங்களில் அது இயக்கப்படாமலே கிடக்கிறது.

உதாரணத்துக்குக் கோஹா என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். நியூசிலாந்தில் லெவின் என்று ஒரு சிறிய ஊர். அந்தப் பகுதியின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளையிடம் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தது. 1999இல் கடிபோ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தைக் கொண்டு புதிதாக ஒன்றை எழுதினார்கள். 2000 ஜனவரி 3 அன்று அது வேலைக்கு வந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று கட்டற்ற மென்பொருளாகவும் வெளியிட்டார்கள். இன்று நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் அது ஓடுகிறது.

சரி, ஒரு புத்தகம் திரும்பி வந்து அதன் பார்கோடை ஸ்கேனர் படித்ததும் என்னென்ன நடக்க வேண்டும்? உங்கள் பெயரில் இருக்கும் இரவல் முடிய வேண்டும். தாமதமானால் அபராதம் எவ்வளவு என்று அங்கேயே முடிவாக வேண்டும். அதே புத்தகத்துக்கு வேறு யாராவது முன்பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இது இந்தக் கிளையின் புத்தகம்தானா, வேறு கிளைக்குப் போக வேண்டியதா என்று சொல்ல வேண்டும். முன்பு "காணவில்லை" என்று குறித்திருந்தால் அந்தக் குறி நீங்க வேண்டும். புத்தகத்துக்குள் ரேடியோ அலையில் படிக்கிற ஆர்எஃப்ஐடி சில்லு இருந்தால் அதன் காவல் குறியை மறுபடி போட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யார் எடுத்துக்கொண்டு நடந்தாலும் வாசல் கதவு சத்தம் போடாது. இத்தனையும் ஒரு நொடிக்குள். இவற்றில் எது பாதியில் நின்றாலும் பழி வாசகர் மேல்தான் விழுகிறது.

பாதியில் நிற்பது என்றதும், மென்பொருள் எழுதப் படிக்கிற மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்கிற ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோஹாவில் நடப்பு இரவல்களுக்கு ஒரு பட்டியல், முடிந்துபோன இரவல்களுக்கு இன்னொரு பட்டியல். புத்தகம் திரும்பியதும் அதன் வரி முதல் பட்டியலிலிருந்து நீங்கி இரண்டாவதுக்குப் போகும். ஒவ்வொரு இரவலுக்கும் ஒரு தொடர் எண் உண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது போல. அந்த எண்ணைக் கொடுப்பது கீழே இருக்கும் தரவுத்தளம், மைஎஸ்கியூஎல்.

இப்போது கவனியுங்கள். இன்று 520 வரை எண் கொடுத்தாகிவிட்டது. அதில் 511 முதல் 520 வரையான புத்தகங்கள் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்து, வரிகள் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விட்டன. முதல் பட்டியலில் இருக்கும் பெரிய எண் 510. ராத்திரி மின்சாரம் போய்க் கணினி அணைந்து, காலையில் மறுபடி ஓடத் தொடங்குகிறது. பழைய மைஎஸ்கியூஎல் கடைசியாகக் கொடுத்த எண்ணை, கணினி அணைந்தால் அழிந்துவிடும் நினைவகத்தில்தான் வைத்திருக்கும், வன்வட்டில் எழுதி வைக்காது. ஆகவே எழுந்ததும் முதல் பட்டியலைப் பார்க்கும். பெரிய எண் 510 தானே, அடுத்தது 511 என்று கொடுத்துவிடும்.

கொடுக்கும்போது எதுவும் தெரியாது. புத்தகம் சுகமாக வெளியே போகும். இரண்டு வாரம் கழித்து அது திரும்பி வரும்போது வரியை இரண்டாவது பட்டியலுக்கு நகர்த்தப் பார்க்கிறது மென்பொருள். அங்கே ஏற்கெனவே ஒரு 511 உட்கார்ந்திருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு வரி கூடாது என்று தரவுத்தளம் மறுக்கிறது. புத்தகம் மேசையில் இருக்கிறது, கணக்கில் திரும்ப மறுக்கிறது. கவனித்தீர்களா, பிழை நடந்தது கொடுக்கும்போது, அது வெளியே தெரிவது திரும்ப வாங்கும்போது.

பெரிய நூலகத்தில் சர்வர் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பதால் இது அபூர்வம். ஒரே கணினியைச் சர்வராகவும் வைத்துக்கொண்டு, சாயங்காலம் அணைத்துவிட்டுப் போகிற சின்ன நூலகத்தில்தான் அடிக்கடி வரும். மைஎஸ்கியூஎல் 8.0 முதலும், அதிலிருந்து பிரிந்த மரியாடிபி 10.2.4 முதலும் அந்த எண்ணை வன்வட்டிலேயே எழுதி வைக்கிறார்கள். அதற்கு முந்தைய பதிப்பில் ஓடுகிறவர்கள், தரவுத்தளம் தொடங்கும்போதே இரண்டு பட்டியலையும் பார்த்துப் பெரிய எண்ணுக்கு மேலிருந்து தொடங்கு என்று ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு வைக்க வேண்டும். கோஹாவில் 'கோஹாவைப் பற்றி' (About Koha) என்ற பக்கத்தில் கணினித் தகவல் என்ற பகுதியில் இப்படி இரட்டை எண் இருக்கிறதா என்று அதுவே காட்டும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்தது விடுமுறை நாட்காட்டி. இதில்தான் வாசகருக்கும் நூலகருக்கும் வாய்ச்சண்டை.

ஜனவரி 2ஆம் தேதி 14 நாள் தவணையில் ஒரு புத்தகம் கொடுக்கிறோம். தவணை 16ஆம் தேதி. பொங்கல் 15ஆம் தேதி வருகிற ஆண்டில் அன்று திருவள்ளுவர் தினம், நூலகம் பூட்டியிருக்கும். முந்தின நாள் பொங்கல், 17 உழவர் திருநாள், அவையும் விடுமுறை. என்ன செய்வது? ஒரு முறை, நாட்காட்டியைப் பார்க்காமல் 16 என்றே வைப்பது. இரண்டாவது, தவணை விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளுவது, அதாவது 18. மூன்றாவது, திறந்திருக்கும் நாட்களை மட்டும் எண்ணி 14 கொடுப்பது. வார விடுமுறையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 19ஆம் தேதி வரும், அதையும் விடுமுறையாகக் கழித்தால் இன்னும் தள்ளிப்போகும். கோஹாவில் இவற்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். என் கருத்து இரண்டாவது முறை. வாசகருக்கு "இரண்டு வாரம்" என்று சொன்னால் அவர் மனத்தில் கணக்குப் போடுவது அப்படித்தான்.

தவணைக்கு ஒரு அமைப்பு, அபராதத்துக்கு வேறு ஓர் அமைப்பு என்பதை மறக்கக் கூடாது. பூட்டியிருக்கும் நாட்களுக்கு அபராதம் ஓட வேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஒன்றைச் சரியாக வைத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், மூடிய கதவுக்கு முன்னால் நின்றவரிடம் பணம் கேட்கிற நிலைமை வரும்.

இன்னொன்று. கார்த்திகை மழையில் ஆட்சியர் திடீரென்று விடுமுறை விடுகிறார். அதை நாட்காட்டியில் இன்று சேர்த்தால், ஏற்கெனவே கொடுத்த தவணைத் தேதிகள் தாமாக மாறாது. கொடுத்தது கொடுத்ததுதான். அந்த நாளில் தவணை முடிகிற எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே வீச்சில் தேதியை நீட்டிக்க ஒரு கருவி இருக்கிறது, அதைத் தனியாக ஓட்ட வேண்டும்.

புத்தகம் போடும் பெட்டி வாசலில் வைத்திருக்கும் நூலகங்களுக்கும் இதே விஷயம்தான். சனிக்கிழமை இரவு போட்ட புத்தகத்தைத் திங்கள் காலை ஸ்கேன் செய்தால் திங்கள் வந்ததாகத்தான் பதிவாகும். அதற்கென்று பெட்டி முறை என்று ஒரு குறி இருக்கிறது. அதை இட்டால் கடைசியாகத் திறந்திருந்த நாளில் வந்ததாகப் பதியும். நாட்காட்டி சரியாக இருந்தால்தான் இதுவும் சரியாக வேலை செய்யும். பெட்டியை முடித்ததும் குறியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அன்று நேரில் வருகிற எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளுபடிதான்.

தவணை கடந்தவர்களுக்குப் போகும் நினைவூட்டல் பற்றி ஒரு வார்த்தை. அதை அனுப்பும் நிரல் தினமும் ராத்திரி தானாக ஓடும். "சரியாக ஏழாவது நாளில் மட்டும் அனுப்பு" என்று வைத்தால் ஒருவருக்கு ஒரு கடிதம் போகும், தொல்லை இல்லை. ஆனால் அந்த ஏழாவது நாள் இரவில் கணினி அணைந்திருந்தால் அந்தக் கடிதம் போகவே போகாது. மாலையில் அணைக்கிற நூலகம் என்றால் நிரல் ஓடும் நேரத்தைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது எண் தவறு. நம் ஊரில் பெரும்பாலும் சேர்க்கை எண்ணே பார்கோடு. ஒட்டிய தாள் கசங்கி ஸ்கேனர் படிக்கவில்லை என்றால் கையால் தட்டுவார்கள். 4571 என்பது 4517 ஆகிவிடும். 4517 வேறொருவர் வீட்டில் இருக்கிற புத்தகம், அது திரும்பிவிட்டதாக மென்பொருள் மகிழ்ச்சியாகச் சொல்லும். உங்கள் பெயரில் அபராதம் ஓடும், அந்த இன்னொருவருக்கு நினைவூட்டலே போகாது. ஒரே தட்டலில் இரண்டு கணக்கும் கெட்டது. சரிபார்ப்பு இலக்கம் என்று கடைசியில் ஓர் எண் சேர்த்தால் இது பிடிபடும். ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, வரும் இலக்கங்களையெல்லாம் கூட்டிப் பத்தின் மடங்கோடு ஒப்பிடும் முறை, ஓர் எண் மாறினால் கண்டிப்பாகக் கண்டுபிடிக்கும். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் கண்டுபிடிக்கும், 0-வும் 9-ம் மாறுவதைத் தவிர. சரிபார்ப்பு இலக்கம் இல்லாத நூலகத்தில் வழி ஒன்றுதான்: திரையில் வரும் தலைப்பையும் கையில் இருக்கும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

பழைய பட்டியலை எக்செல் வழியாக மாற்றுகிறவர்களே, எண் இருக்கும் நெடுவரிசையை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். 000457 என்பதை எக்செல் 457 ஆக்கிவிடும். பிறகு ஸ்கேனர் படிப்பது ஒன்று, கணினியில் இருப்பது வேறொன்று.

முன்பதிவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். திரும்பி வந்த புத்தகத்துக்கு வேறொருவர் காத்திருந்தால் திரையில் ஒரு பெட்டி திறந்து கேட்கும். ஊழியர் திரையைப் பார்க்காமல் அடுத்த புத்தகத்தை ஸ்கேன் செய்தால் என்ன ஆகும்? ஸ்கேனர் என்பது கணினிக்கு ஒரு விசைப்பலகைதான். அந்த எண் எங்கும் பதியாமல் போகும், புத்தகம் அடுக்குக்குப் போய்விடும். "திருப்பிக் கொடுத்தேனே" என்று வாசகர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோஹாவில் எச்சரிக்கைக்கு ஒலி எழுப்பும் அமைப்பு இருக்கிறது, ஸ்பீக்கர் வைத்து அதை இயக்குங்கள். அதைவிட முக்கியம், படிப்பறை மேசைகளில் கிடக்கும் புத்தகங்களையெல்லாம் அடுக்குமுன் ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள். தப்பிப்போன புத்தகங்களில் பல அங்கேயே பிடிபடும். வாசகர் வந்து கேட்டால் அபராதப் பேச்சை எடுக்குமுன் அடுக்கு, பக்கத்து அடுக்கு, தள்ளுவண்டி, பைண்டிங் கட்டு, முன்பதிவு அலமாரி, இத்தனையும் பார்த்துவிடுங்கள்.

நிகழ்ச்சி அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மின்சாரம் இல்லாத நேரத்தில் எழுதி வைப்பது பற்றிச் சுருக்கமாக: நேரம், உறுப்பினர் எண், புத்தக எண், கொடுத்ததா வாங்கியதா என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு நேர வரிசைப்படியே கணினியில் ஏற்றுங்கள், கொடுத்ததை எல்லாம் முதலில் ஏற்றக்கூடாது.

கடைசியாக, வாசித்த வரலாறு. பழைய டிக்கெட் முறையில் புத்தகம் திரும்பியதும் யார் எடுத்தார் என்ற தடயமே இருக்காது. மென்பொருளில் அது அப்படியே தங்கிவிடும், ஒருவர் என்னென்ன படித்தார் என்று வருடக்கணக்கில் பார்க்கலாம். கோஹாவில் உறுப்பினரே தன் வரலாறு என்றும் இருக்கலாமா, நூலகம் வைத்த காலம்வரை இருக்கலாமா, வேண்டவே வேண்டாமா என்று தேர்ந்தெடுக்க வழி உண்டு. இந்த அமைப்பைத் திறக்குமுன், வேண்டாம் என்றவரின் பெயருக்குப் பதிலாகப் பதியப் பெயரில்லா உறுப்பினர் என்று ஒரு கணக்கை உருவாக்கி அதன் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், வேண்டாம் என்று சொன்ன உறுப்பினரின் புத்தகத்தைத் திரும்ப வாங்கும்போதே பிழை வரும். கிழிசல், மை போன்றவற்றுக்காகக் கடைசியாக எடுத்தவர் யார் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளத் தனி அமைப்பு இருக்கிறது, அது போதும். வணக்கம்.