தீவனத்தில் தேங்காய் எண்ணெயை ஊற்றினால் போதுமா?

வணக்கம். ஆண்டிபயாட்டிக் இல்லாமல், அதற்குப் பதிலாகத் தீவனத்தில் கொழுப்பு அமிலங்களைக் கலந்து பன்றிக்குட்டி வளர்ப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்: "கொழுப்பு அமிலம்தானே, தேங்காய் எண்ணெயில் இருக்கிறதே, அதையே தீவனத்தில் ஊற்றிவிட்டால் என்ன?" நல்ல கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த இரண்டு பாட்டிலையும் பாருங்கள். இது லாரிக் அமிலம். வெள்ளைச் செதில்களாக இருக்கிறது. 44 டிகிரி வாக்கில்தான் உருகும். இது காப்ரிலிக் அமிலம், எண்ணெய் மாதிரி ஓடுகிறது. மூடியைத் திறக்கிறேன்... அப்பப்பா, கிடா வாடை! பெயரும் அங்கிருந்து வந்ததுதான். லத்தீனில் காப்ரா என்றால் வெள்ளாடு. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக். காப்ரிலிக் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் எண்ணெயில் இந்த அமிலங்கள் மூன்று மூன்றாகக் கிளிசரினோடு பிணைந்து கிடக்கின்றன. அப்படிக் கிடக்கும்வரை கிருமியை ஒன்றும் செய்யாது. குட்டியின் வயிற்றில் இருக்கும் லிப்பேஸ் நொதி கொஞ்சம் பிரித்துவிடும். எவ்வளவு பிரியும் என்பது நம் கையில் இல்லை.

சரி, கிருமி எப்போது வருகிறது? தாயிடமிருந்து பிரிக்கும் நாளில். இயற்கையில் குட்டி மூன்று மாதத்துக்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பாலை மறக்கும். பண்ணையில் மூன்று, நான்கு வாரத்திலேயே ஒரே நாளில் பிரித்துவிடுகிறோம். பால் இருந்தவரை அதிலுள்ள சர்க்கரை புளித்து வயிற்றைப் புளிப்பாக வைத்திருந்தது. இப்போது அது இல்லை. குட்டியின் சொந்த அமிலச் சுரப்பும் இன்னும் போதாது. பயத்தில் ஒரு நாள் சாப்பிடாமல் கிடக்கும். அந்தப் பட்டினியில் குடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண் நீட்சிகள் குட்டையாகிவிடும். அங்கே ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒட்டிக்கொண்டு நஞ்சை விடும், குடல் தண்ணீரைக் கொட்டும். காலையில் பார்த்தால் வால் நனைந்து, கண் உள்ளே போய்க் கிடக்கும்.

இதைத்தான் இத்தனை காலம் தீவனத்தில் கலந்த ஆண்டிபயாட்டிக் மூடி மறைத்தது. ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காகக் கலப்பதைத் தடை செய்தது. அங்கே முதலில் கழிச்சல் கூடியது. அப்புறம் பிரிக்கும் வயதைத் தள்ளி, கூட்டத்தைக் குறைத்துச் சமாளித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை வந்தது 2006-இல். கழிச்சலுக்கு மருந்தளவில் கலந்த துத்தநாக ஆக்சைடும் 2022-இல் அங்கே போய்விட்டது. அதனால்தான் இந்த அமிலங்களைத் தேடி இவ்வளவு ஓட்டம்.

இவை வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வயிற்றில் புளிப்பு இருந்தால் அமிலம் முழுசாகவே இருக்கும். மின்னூட்டம் இல்லாததால் கிருமியின் சவ்வுக்குள் நழுவிப் போய்விடும். உள்ளே புளிப்பு குறைவு, அதனால் அங்கே உடைந்து ஹைட்ரஜன் அயனியை விடும். அதை வெளியே தள்ளித் தள்ளியே கிருமி களைத்துப்போகும். சவ்வும் ஓட்டையாகும். ஆனால் சிறுகுடலுக்கு வந்ததும் புளிப்பு போய்விடும், அமிலம் வெளியிலேயே உடைந்துவிடும், பாதி வீரியம் காலி. கிளிசரினோடு ஒரே ஒரு லாரிக் மட்டும் பிணைந்த மோனோலாரினுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று: லாரிக் அமிலம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், க்ளாஸ்ட்ரிடியம் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத 'கிராம் பாசிட்டிவ்' கிருமிகளிடம்தான் வீரம் காட்டும். ஈ.கோலைக்கு வெளியே இன்னொரு சவ்வு கவசம் மாதிரி இருக்கிறது. அதனிடம் ஓரளவு எடுபடுவது லாரிக்கைவிடக் குட்டையான சங்கிலி கொண்ட காப்ரிலிக், காப்ரிக் போன்ற அமிலங்கள். கழிச்சலுக்கு என்று லாரிக்கை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு "ஏமாற்றிவிட்டார்கள்" என்று திட்டுபவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பியூட்டிரிக் அமிலம் வேறு ரகம்; அது குடல் செல்களுக்கே தீனி, பூச்சுப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கழிந்து துவண்ட குட்டிக்கு இது மருந்து கிடையாது. அதற்கு நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ORS) கொடுங்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் ஆண்டிபயாட்டிக் போடச் சொன்னால் போடுங்கள்.

அளவிலும் கவனம். இந்த கிடா வாடை தீவனத்தில் தூக்கலாக ஏறினால் குட்டி முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பிரித்த முதல் நாள் அது சாப்பிடாமல் இருப்பதுதான் நம் முதல் பிரச்சினையே! அதே தீவனத்தில் சுண்ணாம்புத்தூளை அள்ளிக் கலந்தால் மிச்சமிருக்கும் புளிப்பையும் அது குடித்துவிடும். அந்தச் சுண்ணாம்புக் கணக்கை அடுத்த வீடியோவில் போட்டுக் காட்டுகிறேன்.