எழுதி வாங்கிக்கொண்டால் தத்து ஆகிவிடுமா?

வணக்கம் மக்களே. பின்னாடி கேட்கிற சத்தம் வாய்க்கால் மதகு. குத்தாலம் பக்கம் முறைத் தண்ணீர் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது, அதனால் மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்துப் பேசுகிறேன்.

போன வீடியோவில் என் அத்தைப் பெண் வீட்டுக்குக் குழந்தை வந்த கதையைச் சொன்னதிலிருந்து ஒரே கேள்வி: "அக்கா, தெரிந்த நர்ஸ் ஒருவர் குழந்தை வாங்கித் தருகிறாராம், பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா?" போதாது, ஐயா. அவளிடமும் ஒருவர் வந்தார், பிறப்புச் சான்றிதழிலேயே உங்கள் பெயரைப் போட்டுத் தருகிறோம், வெளியே தெரியாது என்று பேசினார். அவளுக்கு மனசு ஆடிவிட்டது, எனக்கும்தான். ஆனால் அது குழந்தையை விற்பது, வாங்குவது. சிறார் நீதிச் சட்டம் 2015-இல் 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஆள் செய்தால் 3 முதல் 7 ஆண்டு.

அவள் நேர்வழிக்கு வந்தாள். மத்திய தத்தெடுப்பு ஆணையம், காரா என்பார்கள், அதன் இணையதளத்தில் ஆதார், பான், கல்யாணச் சான்று, வருமானம், மருத்துவச் சான்று எல்லாம் ஏற்றிப் பதிவு. கல்யாணமாகி 2 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இருவர் வயதையும் கூட்டி 85-ஐத் தாண்டக் கூடாது, இவர்களுக்கு 77. அப்புறம் சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்தார். அடுப்படி, கழிவறை, பேங்க் பாஸ்புக் எல்லாம் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம், "உங்களுக்குச் சம்மதமா பாட்டி?" என்றார். அந்த அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொண்ணா பையனான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, எது வந்தாலும் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறது நான்தான்" என்றார்.

மூன்று வருஷக் காத்திருப்பு. ஒரு நாள் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது போனில் தகவல், குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும். 48 மணி நேரத்துக்குள் சரி சொல்ல வேண்டும். கையில் மாவோடு எனக்குக் கூப்பிட்டாள், திரையெல்லாம் மாவு. தத்து ஆணை முன்பு நீதிமன்றத்தில், 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியரிடம். மயிலாடுதுறை தனி மாவட்டமானதில் நாகப்பட்டினம் வரை அலையாமல் முடிந்தது.

"பெற்றவள் திரும்பி வந்து கேட்டால்?" என்று பயப்படுகிறவர்களுக்கு: குழந்தையை ஒப்படைக்கிறவர்கள் குழந்தைகள் நலக் குழு (கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கிற அரசுக் குழு) முன்னால் கையெழுத்துப் போடுகிறார்கள், மனம் மாற அவர்களுக்கு 2 மாதம் உண்டு. அதற்குப் பிறகுதான் குழந்தை தத்துக்கு வரும். ஆணை வந்துவிட்டால் சொத்துரிமை உட்பட எல்லாவற்றிலும் உங்கள் பிள்ளை.

சொந்தத்துக்குள் அண்ணன் பிள்ளையை எடுக்கிற நம்ம ஊர் சுவீகாரம் வேறு, அதற்கு இந்துக்களுக்கென்று 1956-இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. பெற்றவர்கள் உண்மையிலேயே கொடுக்க, நீங்கள் வாங்க வேண்டும், பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, பணம் கை மாறவே கூடாது. பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள், நாளைக்குப் பங்காளி கேஸ் போட்டால் அதுதான் துணை.

வளர்ப்புப் பராமரிப்பைத் தத்து என்று நினைத்துக் குழப்பாதீர்கள். அங்கே குழந்தை உங்கள் வீட்டில் வளரும், ஆனால் சட்டப்படி உங்கள் பிள்ளை ஆகாது, பெற்றவர் நிலை சீரானால் திரும்பிப் போகலாம். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. 2024 வழிகாட்டுதலின்படி 2 ஆண்டு வளர்த்த பின், குழந்தை தத்துக்குத் தகுதியானால், அந்தக் குடும்பமே தத்துக் கேட்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் ரொம்பக் கஷ்டமான அன்பு, என்னால் முடியுமா தெரியாது.

தனி ஆண் தத்தெடுக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எடுக்கலாம், பெண் குழந்தையை மட்டும் முடியாது. கேட்பாரற்ற குழந்தையைப் பார்த்தால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள். சரி, மதகை இன்னும் தூக்கிவிட்டார்கள், நிற்கிற வரப்பு நனைகிறது, வைக்கிறேன்.